பெப்லோவும் பிஸ்கட்டும்

ஹில்டகார்ட் பெப்லோவின் ‘இன்டர்பர்சனல் ரிலேஷன்ஸ் இன் நர்சிங்’ புத்தகத்தை மூன்றாவது தடவையாகப் படித்து முடித்தேன். முதல் தடவை பரீட்சைக்காக. அதுவும் சீனியர் அக்கா ஒருத்தர் எழுதிவைத்த நோட்ஸ் வழியாகத்தான், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டாவது தடவை பாடம் நடத்துவதற்காக. இப்போது ரிட்டயர் ஆகி, விருத்தாசலத்தில் அப்பா கட்டிய வீட்டில் உட்கார்ந்து, யாருக்கும் மார்க் போட வேண்டிய கட்டாயம் இல்லாமல் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே போனது. இத்தனை வருஷமாக பெப்லோ என்று சொல்லி நான் வகுப்பில் நடத்தியது பெப்லோவைத்தானா?

இந்தப் பதிவு அந்தச் சந்தேகத்தைப் பற்றியது. புத்தக விமரிசனமாகத்தான் தொடங்குகிறேன், பாதியில் அது ஒரு மாணவியின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிய விமரிசனமாக மாறிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவமனைகள், கல்லூரிகளின் பெயர்களையும் சொல்லப்போவதில்லை.

பெப்லோவைக் கேள்விப்படாதவர்களுக்காக: 1909இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர், 1999இல் இறந்தார். இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க ராணுவ மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தார். மனநோயை மனிதர்களுக்கு இடையிலான உறவில் வைத்துப் பார்த்த ஹாரி ஸ்டாக் சல்லிவனின் சிந்தனை அவரைப் பாதித்தது. புத்தகம் 1952இல் வந்தது. எழுதி முடித்த பிறகும் சில வருஷம் அச்சேறாமல் கிடந்தது. ஒரு டாக்டரின் பெயர் கூடவே இல்லாமல் நர்ஸ் ஒருத்தி தனியாகப் புத்தகம் போடுவது அன்றைக்கு அவ்வளவு அதிகப்பிரசங்கித்தனம்.

அவர் சொன்னது இதுதான். நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவில் நடக்கிற பேச்சு, மருந்து கொடுப்பதற்கு நடுவே நேரம் போக்கும் அரட்டை இல்லை. அந்த உறவே சிகிச்சை. இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் மனநல மருத்துவமனை நர்ஸின் வேலை அதுவரைக்கும் என்னவாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சாவிக்கொத்து, குளிப்பாட்டுவது, சோறு போடுவது, தலையை எண்ணுவது, திமிறினால் பிடித்துக்கொள்வது. நம் ஊரில் சென்னைப் பட்டணத்து மனநோயாளிக் காப்பகத்தின் கதை 1794இல் தொடங்குகிறது, கீழ்ப்பாக்கத்துக்கு அது வந்தது 1871இல். அந்த நீண்ட வரலாற்றில் சூப்பரிண்டெண்ட்கள் உண்டு, கட்டடங்கள் உண்டு, சட்டங்கள் உண்டு. ராத்திரி டியூட்டியில் இருந்தவள் நோயாளியிடம் என்ன பேசினாள் என்பது எதிலும் இல்லை. பேசினாள் என்பதற்கே சாட்சி இல்லை. பெப்லோ அதை எழுதிவைக்கச் சொன்னார். நீ சொன்னதையும் அவர் சொன்னதையும் அப்படியே எழுது, பிறகு உட்கார்ந்து படித்துப் பார், அங்கே என்ன நடந்தது என்று உனக்கே தெரியும் என்றார்.

பெங்களூரில் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் (இன்றைய நிம்ஹான்ஸின் முன்னோடி) வந்தபோது, அது நடத்திய ஆரம்பகாலப் படிப்புகளில் மனநலச் செவிலியர் பட்டயமும் ஒன்று. அதாவது இந்தியாவில் இந்தத் துறை படிப்பாக ஆன காலமும் பெப்லோவின் புத்தகம் வந்த காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு நர்சிங் கல்லூரிகள் பெருகின, இந்திய ஆசிரியர்களே பாடப்புத்தகங்கள் எழுதினார்கள். பெப்லோவின் ‘அப்படியே எழுது’ என்பது நம்மிடம் வந்து சேர்ந்த வடிவத்துக்குப் பெயர் புராசஸ் ரெக்கார்டிங்.

நர்சிங் படித்தவர்களுக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே கை வலிக்கும். நீள நோட்டில் ஸ்கேல் வைத்து கட்டம் போட வேண்டும். முதல் கட்டத்தில் நர்ஸ் சொன்னது, அடுத்ததில் நோயாளி சொன்னது, அதற்கடுத்து ‘இன்ஃபரன்ஸ்’, கடைசியில் ‘டெக்னிக்’. நோயாளி தமிழில் பேசுவார். மாணவி தமிழில் பதில் சொல்வாள். ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதுவாள். அந்த நோட்டைத்தான் நான் வருஷக்கணக்காகத் திருத்தினேன்.

கடைசிக் கட்டத்தில் எழுதுகிற டெக்னிக்குகளின் பட்டியல் பெப்லோவுடையது இல்லை என்பது எனக்கே வெகுகாலம் தெரியாது. ஹேய்ஸ், லார்சன் என்ற இருவர் 1963இல் போட்ட ‘இன்டராக்டிங் வித் பேஷன்ட்ஸ்’ புத்தகத்திலிருந்து கிளம்பி, அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் வழியாக நமக்கு வந்தது அது. ஒரு பக்கம் செய்ய வேண்டியவை: பிராட் ஓப்பனிங், ரிஃப்ளெக்டிங், ரீஸ்டேட்டிங், பிரசென்டிங் ரியாலிட்டி. இன்னொரு பக்கம் செய்யக் கூடாதவை: அறிவுரை, பொய்யான ஆறுதல், ‘ஏன்’ என்ற கேள்வி, சம்பிரதாயப் பேச்சு.

இந்தப் பட்டியலை மொத்தமாகக் கிண்டல் பண்ணிவிட்டுப் போகலாம், எளிது. பண்ண மாட்டேன். நம் ஆட்கள் ஆறுதல் சொல்லுகிற வேகம் இருக்கிறதே, அது சில நேரம் வாயைப் பொத்துவதற்குச் சமம். ஒரு அம்மா அழ ஆரம்பித்து இரண்டு வார்த்தை வருவதற்குள் “கவலப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லி முடித்துவிடுவோம். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது அங்கேயே செத்துப்போகும். அதைச் செய்யாதே என்று ஒரு பதினெட்டு வயசுப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பட்டியல்தான். அதற்கு நன்றி.

ஆனால் ‘ரிஃப்ளெக்டிங்’ என்று ஒன்று. நோயாளி சொன்னதையே திருப்பி அவரிடம் காட்ட வேண்டும். மாணவி பயபக்தியோடு, “நீங்க வருத்தமா இருக்கீங்கன்னு சொல்றீங்க” என்பாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்ப்பார். “அதத்தானம்மா நானும் சொல்றேன்.” இது நோட்டில் வரும்போது ‘பேஷன்ட் வேலிடேட்டட்’ என்று ஆகியிருக்கும். ‘இதைக் கேட்டப்ப உங்களுக்கு எப்படி ஃபீல் ஆச்சு’ என்று கேட்டால், நம்மவர்கள் நெஞ்சைத் தொட்டு “படபடன்னு வருது” என்பார்கள், “வயித்தப் பெசையுது” என்பார்கள். அது ‘சொமாட்டிக் கம்ப்ளெயின்ட்’ என்று போய்ச் சேரும். “சாப்ட்டீங்களா?” என்று ஆரம்பித்தால் அது சம்பிரதாயப் பேச்சு, அரை மார்க் போச்சு. சாப்பிட்டீர்களா என்பதைவிட அகலமான ஓப்பனிங் தமிழில் எது? அதற்கு “ம்” என்று வருகிற பதிலின் குரலிலேயே பாதி தெரிந்துவிடும்.

இதெல்லாம் சில்லறைக் குறைகள். சரிசெய்துகொள்ளலாம். எனக்கு உறுத்துவது வேறு.

பெப்லோ நர்ஸ்–நோயாளி உறவை நான்கு கட்டமாகச் சொல்கிறார். ஓரியன்டேஷன், ஐடென்டிஃபிகேஷன், எக்ஸ்பிளாய்டேஷன், ரெசல்யூஷன். (மூன்றாவதை ‘சுரண்டல்’ என்று அகராதியில் பார்த்துவிட்டு வகுப்பே சிரிக்கும். கிடைக்கிற உதவியை நோயாளி முழுசாகப் பயன்படுத்திக்கொள்வது என்று அர்த்தம்.) கடைசிக் கட்டமான ரெசல்யூஷனைப் பற்றி அவர் எழுதியதை இந்த மே மாதம் படித்தபோதுதான் நின்றேன். அது நோயாளியிடம் நடக்கிற ஒன்று. தேவைகள் நிறைவேறின பிறகு, சாய்ந்துகொண்ட ஆளிடமிருந்து மெல்ல மெல்ல விடுபட்டுத் தன் காலில் நிற்கத் தொடங்குவது. பாடப்புத்தகத்தில் அந்த இடத்தில் இருக்கிற வார்த்தை ‘டெர்மினேஷன் ஃபேஸ்’. அது யாரிடம் நடக்கிறது? மாணவியின் போஸ்டிங் அட்டவணையில் நடக்கிறது. நான்கு வாரம் முடிந்தால் டெர்மினேஷன். பேஷன்ட் எந்தக் கட்டத்தில் இருந்தால் என்ன.

நெய்வேலி பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் ‘டெர்மினேஷன்’ என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான், வேலை போச்சு. இரண்டு வார்த்தைக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருப்பதை நான் ஒருநாள்கூட வகுப்பில் சொன்னதில்லை. ஏனென்றால் நான் நடத்தியது பாடப்புத்தகத்தை.

இதற்கான விலையை நான் மாணவியாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். 1980களின் கடைசி. பெண்கள் வார்டில் வருஷக்கணக்காக இருந்த ஒரு ஆயா எனக்குக் கொடுக்கப்பட்ட பேஷன்ட். வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை. முதல் வாரம் முழுக்க என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். இரண்டாவது வாரம் என் ஊரைக் கேட்டார். விருத்தாசலம் என்றதும் “பழமலைநாதர் கோயில்” என்றார். அதற்குப் பிறகு தினமும் தலை வாரிவிடச் சொல்லி என் முன்னால் வந்து உட்காருவார். நோட்டில் ‘ராப்போர் எஸ்டாப்ளிஷ்டு’ என்று எழுதினேன்.

கடைசி நாள். டெர்மினேஷனை முதல் நாளிலிருந்தே சொல்லி வர வேண்டும் என்பது பாடம். சொல்லியிருந்தேன், பரீட்சைக்குச் சொல்வதுபோல. அன்றைக்குக் கிளம்பும்போது வாயில் வந்தது, “போயிட்டு வர்றேன் ஆயா.” வேறு என்ன வரும்? ‘போறேன்’ என்று சொன்னால் எங்கள் வீட்டில் அடி விழும். அவர் “சரி வா” என்றார். நோட்டில் எழுதினேன்: பேஷன்ட் அக்செப்டட் டெர்மினேஷன்.

அடுத்த வாரம் எங்கள் பேட்ச் வேறு பிளாக்கில். வியாழக்கிழமை வார்டு அட்டெண்டர் அக்கா ஒருத்தர் காரிடாரில் என்னைப் பிடித்தார். “ஏம்மா, அந்தக் கெழவிகிட்ட வர்றேன்னு சொல்லிட்டா போன? நாலு நாளா கதவாண்ட சீப்ப வெச்சிகினு உக்காந்துகினு இருக்குது.”

நான் போய்ப் பார்க்கவில்லை. அனுமதி வாங்க வேண்டும், டியூட்டர் திட்டுவார் என்றெல்லாம் காரணம் இருந்தது. உண்மையில் எனக்கு முகம் இல்லை.

வெகுநாள் இதை என் தவறாக மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழில் பிரிவைச் சொல்ல வார்த்தை இல்லை, அதனால் இந்த மேல்நாட்டுப் பாடம் நமக்கு ஒத்துவராது என்று ஒரு கட்சியும் கட்டிக்கொண்டேன். அந்தக் கட்சியும் தப்பு என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

உறவுமுறை விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெப்லோ நர்ஸ் ஏற்கும் ஆறு பாத்திரங்களைச் சொல்கிறார். அந்நியர், தகவல் தருபவர், ஆசிரியர், தலைவர், பதிலி, ஆலோசகர். இதில் ‘பதிலி’தான் சுவாரசியமானது. நோயாளி தன்னை அறியாமலே நர்ஸைத் தன் அம்மாவாகவோ அக்காவாகவோ ஆக்கிக்கொள்கிறார், நர்ஸ் அதைப் புரிந்துகொண்டு, நான் அவர் இல்லை என்று அவர் மெல்ல உணர உதவ வேண்டும் என்கிறார். நம் வார்டில் ‘அறியாமலே’ எல்லாம் கிடையாது. வாயைத் திறந்தாலே அக்கா, அம்மா, பாப்பா. நாமும் அண்ணா, ஆயா, தம்பி. உத்தியோகப் பெயரான ‘சிஸ்டர்’கூட உறவுமுறைதான். பெப்லோ மறைந்திருப்பதாக நினைத்த ஒன்று இங்கே வாசலிலேயே நிற்கிறது. அப்படியென்றால் யார் உண்மையிலேயே என்னை அக்காவாக நினைக்கிறார், யார் வழக்கத்துக்காகச் சொல்கிறார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்வியைக் கேட்கிற பாடப்புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. இந்திய ஆசிரியர்கள் எழுதியவையும் சட்டம், கொள்கை, புள்ளிவிவரம் ஆகியவற்றில் இந்தியாவைக் கொண்டுவருகிறார்கள். பேச்சு என்ற அத்தியாயம் வந்ததும் நர்ஸும் நோயாளியும் அமெரிக்கர்களாகிவிடுகிறார்கள்.

இப்போது பிஸ்கட்.

நான் டியூட்டராகிப் பல வருஷம் ஆன பிறகு நடந்தது. மாணவி தென்மாவட்டத்துக்காரி, கெட்டிக்காரி, முத்து முத்தான கையெழுத்து. அவள் பேஷன்ட் நாற்பது வயதுக்காரர். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, யாரோடும் பேச்சில்லை. குணசீலத்தில் ஒரு மண்டலம் இருந்துவிட்டு, அங்கிருந்து மனைவி இங்கே கூட்டிவந்திருந்தார். நோட்டில் ஒரு வரி, இங்கிலீஷில்: முந்நூறு பிஸ்கட் உடைந்துவிட்டது, முதலாளி என்ன சொல்வாரோ என்று நோயாளி திரும்பத் திரும்பச் சொல்கிறார். இன்ஃபரன்ஸ்: இர்ரெலவன்ட் ஸ்பீச். டெக்னிக்: ஃபோகசிங், பேச்சை மறுபடி குடும்பத்தின் பக்கம் திருப்பினேன். இன்னொரு இடத்தில் ‘சிலிப்’ எங்கே என்று கேட்டிருக்கிறார். இவள் ஓ.பி. சீட்டு பத்திரமாக இருக்கிறது என்று பதில் சொல்லியிருக்கிறாள். டெக்னிக்: கிவிங் இன்ஃபர்மேஷன்.

நான் டிக் போட்டேன். பத்துக்கு எட்டு. ‘குட்’ என்றும் எழுதினேன்.

என் அப்பா வேலை பார்த்தது விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில். நான் வளர்ந்ததே களிமண் தூசியில். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பொம்மை, அகல் விளக்கு, ஃப்யூஸ் கேரியர் என்று பீங்கான் சாமான்கள் செய்கிற சிறு கம்பெனிகள் வரிசையாக உண்டு, செராமிக் படிப்புக்கென்றே அரசு பாலிடெக்னிக் உண்டு. களிமண்ணைக் கூழாகக் கரைத்தால் அது சிலிப். பிளாஸ்டர் அச்சில் சிலிப்பை ஊற்றுவார்கள், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓரத்தில் படிந்து இறுகியதுதான் பொம்மை. காயவைத்து முதல் சூட்டில் சுட்டெடுத்தால் அதற்குப் பெயர் பிஸ்கட். அதற்கு மேல்தான் கிளேஸ், வர்ணம் எல்லாம். இது எனக்கு ஐந்து வயதில் தெரியும்.

ஆனால் இங்கிலீஷ் எழுத்தில், கட்டத்துக்குள், ‘இர்ரெலவன்ட்’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது டீயில் நனைத்துச் சாப்பிடுகிற பிஸ்கட்.

இரண்டு நாள் கழித்து வார்டில் அந்த மாணவிகளோடு ரவுண்ட்ஸ் போனேன். அவர் கட்டிலில் சுருண்டிருந்தார். பக்கத்தில் நின்றதும் முணுமுணுப்பு காதில் விழுந்தது. “பிஸ்கட்டு வெந்து ஆறல… ஆறறதுக்குள்ள…” அந்த ‘வெந்து’ என்ற வார்த்தையில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அண்ணா, எந்த ஊரு நீங்க?” என்றேன். கேஸ் ஷீட்டில் கடலூர் மாவட்டம் என்று மட்டும் இருந்தது. சொன்னார். எங்கள் ஊர்ப் பக்கம்தான். “சூளையிலயா வேல?” என்றேன். அந்த வார்டுக்கு வந்து அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார் என்று பிறகு அவர் மனைவி சொன்னார்.

சூளை ஆறுவதற்கு முன்னால் கதவைத் திறந்திருக்கிறார். சூட்டில் இருக்கிற சாமான்மேல் பச்சைக் காற்று பட்டால் விண் விண் என்று விட்டுப்போகும். ஒரு சூளைச் சரக்கு மொத்தமும் போச்சு. இவ்வளவும் சொன்னார். இத்தனை வருஷ அனுபவம் உள்ளவர் அப்படித் திறக்க மாட்டார், அது எனக்கே தெரியும். கேட்டேன்: “ஏன்ணா அவ்ளோ சீக்கிரம் தொறந்தீங்க?”

பட்டியல்படி ‘ஏன்’ கூடாது. கூட நின்ற மாணவிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“தொறன்னு சொன்னாங்க சிஸ்டர்.”

“யாரு? முதலாளியா?”

“இல்ல. உள்ளேருந்து.”

கேஸ் ஷீட்டில் குரல் கேட்பதில்லை என்று எழுதியிருந்தது. அது பொய் இல்லை. ‘காதில் குரல் கேட்கிறதா’ என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறார். அவருக்குக் காதில் கேட்கவில்லை, சூளைக்குள்ளிருந்து கேட்டது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன், அவர் மறுபடி உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். நோய் எப்போது, எப்படித் தொடங்கியது என்பது திருத்தி எழுதப்பட்டது, மருந்தும் மாறியது. அவருடைய நோயின் ஆரம்பமே எங்கள் நோட்டில் ‘இர்ரெலவன்ட்’ என்ற பெயரில் டிக் வாங்கி உட்கார்ந்திருந்தது.

மாணவியைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்கு அந்தத் தொழில் தெரியாது. தெரியாததைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அதைச் சொல்லித்தர வேண்டியவள் நான். “பிஸ்கட்டுன்னா என்னண்ணா?” என்ற ஒரு கேள்வி போதும். பெப்லோ அந்நியராகத் தொடங்கு என்று சொன்னதன் அர்த்தமே அதுதான் என்று இப்போது படுகிறது. எதிரே இருப்பவர் யார் என்று எனக்குத் தெரியாது என்பதிலிருந்து ஆரம்பிப்பது. நாங்கள் கற்றுக்கொடுத்ததோ, அவர் சொன்னதற்குப் பெயர் வைப்பது.

அந்தப் பருவத்திலிருந்து ‘நோயாளி சொன்னது’ என்ற கட்டத்தைத் தமிழில், அவர் சொன்ன தமிழில் எழுதச் சொன்னேன். இரண்டு பேட்ச் எழுதினார்கள். பிறகு வெளியிலிருந்து வந்த ஒரு எக்சாமினர் நோட்டைப் புரட்டிவிட்டு, “என்ன மேடம் இது, ஒரே கொச்சையா இருக்கு?” என்றார். பரீட்சை இங்கிலீஷில், ரெக்கார்டும் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். நான் சண்டை போடவில்லை. ரஃப் நோட்டில் தமிழ், ஃபேர் நோட்டில் இங்கிலீஷ் என்று ஏற்பாடு செய்துகொண்டேன். மார்க் ஃபேர் நோட்டுக்குத்தான் என்று தெரிந்ததும் ரஃப் நோட்டு எப்படி மெலிந்துபோயிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். எதிர்த்து நின்றிருக்கலாம். அப்போது புரமோஷன் லிஸ்ட் வருகிற நேரம்.

இதில் தனிமனிதர்களைத் தாண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. நான் எம்.எஸ்சி. முடித்துக் கல்லூரிக்குப் போன நாளிலிருந்து வார்டில் ‘வருகிறவள்’ ஆகிவிட்டேன். அங்கே இருப்பவர்கள் வேறு. மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர்கள் பெரும்பாலும் வகுப்பறைக்குப் போகிறார்கள். வார்டில் இருபது வருஷம் நின்று எல்லாம் தெரிந்தவர்களுக்குப் பாடம் நடத்தும் தகுதி காகிதத்தில் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் கற்பிப்பவர்களே வார்டுப் பொறுப்பையும் பார்க்கிற இரட்டைப் பொறுப்பு முறை வெகுகாலமாக உண்டு. பாகாயத்தில் இருக்கிற அவர்களுடைய மனநல மையத்தில் குடும்பத்தாரும் நோயாளியோடு தங்குவார்கள். பேசுகிற மொழி வீட்டு மொழியாக இருக்க அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எல்லா இடத்துக்கும் இது பரவியிருக்கலாம். பரவவில்லை.

சட்டத்தையும் பாருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் பல விதத்தில் நல்ல சட்டம், சங்கிலி போடுவதை வெளிப்படையாகத் தடை செய்த சட்டம். மத்திய, மாநில மனநல ஆணையங்களில் 15 வருஷ அனுபவம் உள்ள மனநலச் செவிலியருக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் ‘மனநலச் செவிலியர்’ யார் என்று வரையறுக்கிற இடத்தில், பொதுச் செவிலியப் பட்டயமோ பட்டமோ இருந்தாலும் போதும், மனநலச் செவிலியத்தில் இருந்தாலும் சரி என்கிறது. ஆள் பற்றாக்குறையை நினைத்து எழுதியிருப்பார்கள், அந்த நியாயம் புரிகிறது. 1996இல் ஆரம்பித்த மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவிலும் நர்ஸுக்கு இடம் உண்டு, அத்தனை மாவட்டத்துக்கும் படித்தவர்களுக்கு எங்கே போவது? இருந்தாலும் அந்த வரியைப் படிக்கும்போது பெப்லோ தன் புத்தகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்த வருஷங்கள் நினைவுக்கு வருகின்றன. பேசுவதற்குத் தனியாகப் படிப்பு வேண்டுமா என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

‘போயிட்டு வர்றேன்’ விஷயத்துக்கு வருகிறேன். சூளைக்காரர் டிஸ்சார்ஜ் ஆன அன்று நான் வார்டில் இருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, “வர்றேன் சிஸ்டர்” என்றார். பின்னாலிருந்து வார்டு ஸ்டாஃப் அக்கா சத்தம் போட்டார். “யோவ், ஆஸ்பத்திரியில வர்றேன்னு சொல்லாத! போறேன்னு சொல்லிட்டுப் போ.” எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, “சரி, போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தமிழில் வார்த்தை இல்லை என்று இத்தனை வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, அது இருந்திருக்கிறது. சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் ‘வர்றேன்’ சொல்லக் கூடாது என்பது ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது நோயாளி சொல்கிற வார்த்தை, போகிறவர் அவர். போகிற நர்ஸ், இருக்கிற நோயாளியிடம் என்ன சொல்வது? அதற்கு வழக்கம் இல்லை. ஏனென்றால் மாணவி நான்கு வாரம் வந்து ஒருத்தரோடு உறவு வைத்துவிட்டுப் போவது நம் ஊரில் இதற்கு முன்பு இருந்ததில்லை. அதை நாங்கள்தான் உண்டாக்க வேண்டியிருந்தது. ‘டெர்மினேஷன்’ என்று கட்டத்தில் எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

கடைசி சில வருஷம் என் மாணவிகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து கிழமையைச் சொல்லு. “வெள்ளிக்கெழம வரைக்கும்தான் வருவேன் ஆயா. அப்பறம் வரமாட்டேன். வேற பொண்ணு வருவா, அவ பேரு இது.” புதுப் பெண்ணை வியாழக்கிழமையே கூட்டிப்போய்க் காட்டு. வெள்ளிக்கிழமை கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ வாயில் வந்தால் கடித்துக்கொள். “நல்லா இருங்க” என்று சொல்லு.

சில ஆயாக்கள் அழுதார்கள். ஒருத்தர் திட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாணவிகள் அதையும் எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் டெக்னிக் கட்டத்தைப் பார்க்காமல் மார்க் போட்டேன்.